மெத்தென்ற பயணமும் பிடிதவறா வண்டியும்



சாமராஜநகரிலும் மைசூரிலும் பல்லாண்டுகளாகக் குடியிருந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து உறவு அற்றுப்போவதில்லை. திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பெரியவர்களின் உடல்நலக் குறைவு என்று ஆண்டுக்கு நான்கைந்து முறையேனும் ஊர்ப்பயணம் வாய்த்துவிடுகிறது. இக்காலத்தில் அப்பயணம் பெரும்பாலும் சொந்தக் காரில்தான் நடைபெறுகிறது. ஐவர் அமரும் குடும்பக் கார். பின்னால் பெட்டி படுக்கைக்கு இடம். பின் இருக்கையில் முதியவர் ஒருவரும் குழந்தைகள் இருவரும். இத்தகைய வண்டியைச் சொகுசு குறையாமல் வளைவுகளில் உறுதியாக ஓடச் செய்வது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கேள்வி வீண் கேள்வியன்று. 948ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சாமராஜநகரிலிருந்து தெற்கே புறப்பட்டால் முதலில் வயல்வெளி, வழியெங்கும் வேகத்தடைகள். பின்னர் புணஜனூர் தாண்டிக் காடு. ஆசனூரைக் கடந்து திம்பம் சேர்ந்தால், அங்கிருந்து பண்ணாரி அடிவாரம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். 2022ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் இம்மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆகவே பகற்பொழுதில் லாரிகளோடு லாரியாக நம் சிறு வண்டியும் இறங்க வேண்டியிருக்கிறது. சமவெளியில் நாம் வேண்டுவது மென்மை. மலையில் வேண்டுவது பிடிப்பு. ஒரே வண்டி ஒரே காலைப்பொழுதில் இவ்விரண்டையும் தரவேண்டும்.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கத்தான் வேண்டும் என்பது பலருடைய எண்ணம். அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சாமராஜநகரில் பணிபுரியும் நம் நண்பர் ஒருவர் ஈரோட்டுக்காரர். பழைய கார் ஒன்றை வாங்கினார். வளைவுகளில் அது பெரிதும் சாய்ந்தாடியது. பட்டறையில் ஒருவர் சொற்கேட்டு, நான்கு சக்கரத்துச் சுருள்வில்களிலும் ஒரு சுற்றை அறுத்தெடுக்கச் செய்தார். வண்டி தாழ்ந்தது, பார்வைக்கு மிடுக்காகவும் இருந்தது. ஆனால் வேகத்தடைதோறும் அடிவயிறு உரசிற்று. ஒட்டுப்போட்ட சாலை வளைவில் சக்கரம் தரையைப் பற்றாமல் துள்ளிற்று. பின் இருக்கையில் வந்த அவர் தாயார் இருமுறை இடுப்பு வலியால் அவதியுற்றபின், "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்" என்று சொல்லத் தொடங்கினார். சொகுசும் போயிற்று, பிடிப்பும் வந்தபாடில்லை. ஏன் இவ்வாறு நேர்ந்தது?

விடை ஒரு பெயர்க் குழப்பத்தில் அடங்கியிருக்கிறது. கலைப்பட்டம் பெற்று மொழிபெயர்ப்பில் காலந்தள்ளும் நமக்கு எந்திர நூல் அந்நியந்தான். ஆயினும் பெயர்கள் மக்களின் எண்ணத்தை எவ்வாறு திருப்பிவிடுகின்றன என்பது நாம் நாள்தோறும் காண்பது. சக்கரத்தருகே நிற்கும் குழாய் போன்ற உறுப்பை நாம் 'ஷாக் அப்சார்பர்' என்கிறோம்; தமிழில் 'அதிர்வு உறிஞ்சி' என்று எழுதுகிறோம். உண்மையில் அதிர்வை ஏற்றுக்கொள்வது அதுவன்று, சுருள்வில்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது வில் சுருங்கி அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை அது வைத்துக்கொள்வதில்லை. உடனே திருப்பித் தருகிறது. தடுப்பாரின்றி விட்டால் வண்டி ஊஞ்சலாய் ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே குழாயின் வேலை. உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கிறது. உந்துதண்டு சிறு துளைகளின் வழியே அவ்வெண்ணெயைப் பிதுக்கித் தள்ளும்போது, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கழிகிறது. ஆங்கிலேயர் இதனை 'டேம்பர்' என்றழைப்பதே பொருத்தம். நாமும் 'ஆட்டந்தணிப்பான்' என்று சொன்னால் குழப்பம் தீரும்.

வேலைப் பங்கீடு இப்போது தெளிவாகிறது. மென்மை தருவது வில். அடக்கம் தருவது தணிப்பான். நண்பர் அடக்கம் வேண்டி வில்லில் கைவைத்தார். விறைத்த வில் முன்னிலும் வலுவாய் உதைத்தது. அதனை அடக்கவேண்டிய தணிப்பானோ தேய்ந்து எண்ணெய் கசிந்து கிடந்தது. பிணி ஓரிடம், மருந்து வேறிடம் ஆயிற்று.

வில்லின் அளவை ஆலையார் குருட்டாம்போக்கில் அமைப்பதில்லை. 1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் மாரிஸ் ஓலி என்னும் பொறியாளர் இதனை விரிவாக ஆராய்ந்தார். வண்டியின் உடல் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை முறை மெல்ல ஏறி இறங்குமாயின் மனித உடல் அதனை இதமாக உணர்கிறது. நாம் ஆற அமர நடக்கும்போது பழகிய அசைவு அது. நொடிக்கு இரண்டை நெருங்கினால் குலுக்கலாகத் தோன்றுகிறது. மேலும், முன்வில் சற்று மென்மையாகவும் பின்வில் சற்று விறைப்பாகவும் இருக்கவேண்டும் என்று அவர் கண்டார். காரணம் எளிது. முன் சக்கரம் ஏறிய மேட்டில் பின் சக்கரம் சிறிது பிந்தி ஏறுகிறது. இரு அச்சுகளுக்கும் இடையே இரண்டரை மீட்டர் தொலைவுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அந்தத் தாமதம் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு. பிந்தித் தொடங்கிய பின்பக்கம் சற்று விரைந்து ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, வண்டி முன்னும் பின்னும் தலையாட்டாமல் ஒருசேர எழுந்தமரும். வில்லை அறுப்பவர் இந்தக் கணக்கையே அறுத்துவிடுகிறார்.

சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் முறையும் சிறியதன்று. 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை நம் நாட்டில் உருவான அம்பாசடர், கரடுமுரடான சாலையிலும் மெத்தென்று சென்றது. வளைவில் கப்பலைப் போல் சாய்ந்தது. 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் பின் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கின. அது சொகுசுக்கு உகந்தது. ஆனால் வேகமாக வளைக்கையில் பின்பக்கம் உயர்ந்து, வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கிப் பிடிப்பிழக்கும் குறை அவ்வமைப்பில் இருந்தது. 1972இல் அதன் இடத்தில் வந்த கசெல் என்னும் கார் பழைய முறைப்படி ஒரே உறுதியான பின்னச்சுக்குத் திரும்பியது. மென்மை மட்டும் போதாது. டயர் சாலையில் நேராக ஊன்றி நிற்கவும் வேண்டும் என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை? செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகச் சொல்வோம்.

முதலாவது டயர். சாலையைத் தொடும் உறுப்பு அது ஒன்றே. காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தருகே பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்கும். இருவர் செல்கையில் ஓர் அளவு, ஐவரும் சுமையும் ஏறுகையில் வேறோர் அளவு. ஊருக்குப் புறப்படும் நாளில் பின்னதையே கொள்ளவேண்டும். வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையில் அளப்பதே சரி. காற்றுக் குறைந்தால் டயர் பக்கவாட்டில் நெளிந்து திசைதிருப்பும் சக்கரத்துக்குச் சோம்பலாய்க் கீழ்ப்படியும். மிகுந்தால் கல்லாய்க் குலுக்கும், தரையைத் தொடும் பரப்பும் குறையும். பள்ளக்கோடுகளின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழிறங்கினால் டயரை மாற்றியே தீரவேண்டும். வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்பது பொருள். கோடு ஆழமாயிருந்தும் ரப்பர் கிழடாகி இறுகியிருக்கலாம்.

இரண்டாவது, சக்கரங்களின் நேரமைவு. ஒரு பள்ளத்தில் பலமாக அடிபட்டாலே அது பிசகும். நேர்ச்சாலையில் வண்டி ஒருபுறம் இழுத்தாலும், டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தாலும் அளந்து திருத்துக.

மூன்றாவது, தணிப்பானும் அதனைச் சார்ந்த ரப்பர் புஷ்களும். வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அழுத்தி விடுங்கள். எழுந்து அமர்ந்துவிட்டால் நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் தேய்ந்துவிட்டது. பிரேக் போடும்போது மூக்கு ஆழ்ந்து குனிவதும், குழாயில் எண்ணெய்ப் பசை வழிவதும் அடையாளங்களே. மாற்றுகையில் ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். வாயு நிரப்பிய வகை, சூட்டில் எண்ணெய் நுரைக்காமல் காக்கும். வளைவுக்கு மேல் வளைவாக வரும் மலைப்பாதைக்கு அது ஏற்றது. வில் பழையபடியே இருக்கட்டும்.

நான்காவது, சாய்வைத் தடுக்கும் குறுக்குக்கம்பி. மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் பார் என்பர். இதன் நுட்பம் அழகானது. வேகத்தடையில் இரு சக்கரமும் ஒருங்கே ஏறினால் கம்பி எதிர்ப்பின்றித் தானும் சுழல்கிறது, சொகுசு குறைவதில்லை. வளைவில் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்தால் முறுக்கேறிச் சாய்வை எதிர்க்கிறது. அதன் இணைப்புத் தண்டும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் புதுப்பித்தாலே பெரும் வேறுபாடு தெரியும். முன்பக்கம் மட்டும் தடித்த கம்பி பூட்டுவது தவறு. வண்டி திரும்பாமல் வெளிநோக்கி விலகும்.

செய்யத்தகாதன மூன்று. வில்லை அறுத்தலாகாது, வில்லிடைவெளியில் ரப்பர்த் துண்டு செருகுதலாகாது, பெரிய கனத்த சக்கரமும் மெல்லிய டயரும் பூட்டலாகாது. கனத்த சக்கரம் பள்ளத்தில் விரைந்து ஏறியிறங்க மாட்டாது. மெல்லிய டயரோ அடியை அப்படியே உள்ளே அனுப்பும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆலையார் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று கூறுவதையும் நினைவிற் கொள்ளல் நலம்.

நம் நண்பர் பின்னர் ஆலைக்குரிய வில்களையே மீண்டும் பூட்டினார், நான்கு தணிப்பான்களும் டயர்களும் புதிதாக்கினார், நேரமைவைத் திருத்தினார். வண்டி இன்றும் சிறிது சாயத்தான் செய்கிறது. ஆனால் சாய்ந்த இடத்தில் அமைதியாக நிற்கிறது, அலைபாய்வதில்லை. சென்ற பொங்கலுக்கு அவர் தாயாரும் உடன் சென்று வந்தார்.

ஓட்டும் முறையும் வண்டியின் ஓர் உறுப்பே. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் ஒரே சீராகத் திருப்புக. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்குக்கு ஓய்வு கிட்டும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுக. கண் காண்பதும் காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்வதும் மாறுபடும்போதே குழந்தைகளுக்குக் குமட்டுகிறது. வெடுக்கென்ற திருப்பங்கள் அதனைப் பெருக்கும். சொன்னபடி கேட்கும் வண்டியில் அத்தகைய திருப்பங்களுக்குத் தேவையே எழாது. பின் இருக்கையில் உறங்குபவர் விழிக்காமல் 27 வளைவுகளையும் கடக்க முடியுமாயின், வண்டியும் ஓட்டுநரும் ஒருங்கே தேறினர் எனலாம்.

ஆகவே, அன்பர்களே, அடுத்த பயணத்துக்கு முந்தின நாள் காற்றழுத்தத்தை அளந்து, நான்கு மூலைகளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. பத்து நிமிடம் போதும்.