சிறுவர் கையில் வண்டி
(செட்டியார்பட்டியில் கூடிய நம் சங்க மாதாந்தரக் கூட்டத்தில் செய்யப்பெற்ற பிரசங்கம்)



கல்வி நிதியைக் குறித்தே பேசுவேனென்று தாங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். படிக்கச் சென்ற பிள்ளை வீடு திரும்ப வேண்டுமன்றோ? ஆகையால் அதனினும் முந்தியதொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

உலகெங்கும் 5 முதல் 29 வயதுவரை உள்ளோரின் மரணத்திற்கு முதற் காரணம் சாலை விபத்தே என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ஆம் வருஷத்து அறிக்கையில் கூறுகின்றது. அம்மையும் பேதியும் குழந்தைகளை வாரிக்கொண்டு போன நாளில் நம் முன்னோர் தெய்வத்தை நொந்துகொண்டனர். இதற்கு நாம் யாரை நோவது?

பத்தாம் வகுப்பில் தேறிய பையனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதைக் கௌரவமாகக் கருதும் வழக்கம் நம்மவரிடையே பரவி வருகின்றது. "தையற்கூடத்தில் இந்த மூட்டையைப் போட்டுவிட்டு வாடா" என்று சாவியை எடுத்துக் கொடுப்பவர் தகப்பனாரே. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை இராஜபாளையத்தினூடே போகின்றது. லாரியும் பஸ்ஸும் விரையும் அச்சாலைக்கு அப்பையன் எதற்குப் பிரயோஜனப்படுவான்? வேகம் இருமடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகும். முப்பதில் போகும் வண்டி அறுபதில் போனால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கும் ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் வேண்டும். பதினைந்து வயதில் இக்கணக்கு புத்தகத்தில் இருக்கும், கையில் இராது.

2019-ஆம் வருஷத்தில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதில் தகப்பனாரையே பிடிக்கின்றது. பதினெட்டு நிரம்பாதவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், தமக்குத் தெரியாமல் நடந்ததென்றோ, தடுக்கத் தக்க முயற்சி செய்ததாகவோ நிரூபித்தாலன்றி, பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்தாகும். பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. பதினாறு வயதில் ஓட்டலாமே என்பார் சிலர். அச்சலுகை கியரில்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கே. நம் வீட்டு வாசல்களில் நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பெரியவை.

வாடகை வண்டியிலும் பள்ளி பஸ்ஸிலும் ஏற்றிவிட்டால் கவலை தீர்ந்ததென்று எண்ணவேண்டாம். 2012 ஜூலை 25-இல் தாம்பரத்தருகே, பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமியொருத்தி விழுந்து மாண்டாள். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வருஷமே பள்ளி வாகனங்களுக்கென விசேஷ விதிகள் பிறந்தன. அந்த ஓட்டை ஒருநாளில் உண்டானதன்று. நாம் ஒருமுறையேனும் பஸ்ஸினுள் ஏறிப் பார்த்திருக்கிறோமா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் கட்டாயம். அதனினும் சிறிய குழந்தையை ஓட்டுபவரோடு பட்டையால் பிணைத்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்திற்கு மேற்படாது செல்லவேண்டுமென்பது 2023 பிப்ரவரி முதல் அமுலிலுள்ள விதி. நகைக்குப் பெட்டி வாங்கும் நாம் தலைக்கு ஒன்று வாங்க யோசிக்கிறோம்.

விபத்து நேர்ந்தால் 108-க்குச் சொல்லுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசாங்கம் ஏற்கும் திட்டமொன்று நம் மாகாணத்தில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் இரண்டே. பரீட்சையில் தேறிய பிள்ளைகளுக்கு வருஷந்தோறும் நாம் வழங்கும் வெள்ளித் தட்டுக்குப் பதிலாகத் தலைக்கவசம் வழங்கலாகாதா? பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் சாவி கொடுப்பதில்லை என்று நிர்வாகஸ்தர்கள் முதலில் கையொப்பமிடட்டும். தாளும் பேனாவும் அக்கிராசனர் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.