சின்முத்திரைப் பயிற்சி



விழுப்புரத்திற்கு அணித்தான திருவெண்ணெய்நல்லூர், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வாழ்ந்த தலம். அவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் விளக்கும் முப்பொருளுண்மையைத் தென்முகக் கடவுள் மோனத்திருந்து கையாற் காட்டுவதே சின்முத்திரை. பெருவிரல் பதி, சுட்டுவிரல் பசு, ஏனைய மூன்றும் ஆணவம், கன்மம், மாயை. பசு மும்மலத்தின் நீங்கிப் பதியைச் சார்கின்றது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து இங்குக் குழுமியுள்ள அன்பர்கள் இதனை இல்லத்திலேயே பயிலலாம். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், முழங்கால் நோவுடையார் நாற்காலியில் அமர்க. விரல்நுனிகள் தொட்டாற் போதும், அழுத்தலாகாது. மூச்சு இயல்பாய் இயங்கட்டும். இருதய நோயுடையாரும் இரத்தக் கொதிப்புடையாரும் அதனை அடக்க முயலற்க. தலை சுழன்றால் உடனே நிறுத்துக. முத்திரை மருந்தன்று, மருத்துவர் தந்ததைக் கைவிடற்க.

வலிந்து பற்றுவது சார்தலாகாது. அமைந்து நிற்பதே சார்தல். விரலுக்குரிய அவ்விதியே உள்ளத்திற்கும் உரியது.

திருச்சிற்றம்பலம்.