காட்டுச் சட்டமும் நாமும்
(சிலமலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புலிக்கும் யானைக்கும் சட்டம் போட்டிருக்கிறார்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத் தோட்டத்துக்குப் போகிற நமக்கு அதனால் என்ன லாபம் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பொட்டிப்புரம் மலையைக் குடைந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய மத்திய சர்க்கார் திட்டமிட்டது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. ஆனால் மலையில் கை வைப்பவர் யாராயிருந்தாலும் சட்டத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நடந்தது என்ன? அந்த இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. பொதுநல அமைப்பினர் வழக்குத் தொடுத்தார்கள். 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மத்திய அமைச்சகம் மறுபடி அனுமதி தந்தது. தீர்ப்பாயம் அதை ரத்துச் செய்யவில்லை. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் இசைவும் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. பெரியாறு காட்டையும் மதிகெட்டானையும் இணைக்கும் புலி வழித்தடம் இது என்று சொன்னது.

வழித்தடம் என்றால் என்ன? புலி ஒரே காட்டில் அடைபட்டால் வம்சம் பலவீனப்படும். இணை தேடி அடுத்த காட்டுக்குப் போக அதற்குப் பாதை வேண்டும். ஆகவேதான் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிற்பாடு செய்த திருத்தத்தின் மூலம், காப்பகங்களை இணைக்கும் நிலத்துக்கும் காவல் போட்டது. அந்தக் காட்டில்தான் மழை தங்குகிறது. கொட்டகுடி ஆறு மலையிலிருந்துதான் இறங்குகிறது. காடு போனால் ஆறு போகும். ஆறு போனால் வயல்வேலை போகும். புலியின் பாதையும் நம் கூலியும் ஒரே மலையில் தொங்குகின்றன!

ஆனால் இதே சட்டம் ஏழையின் முதுகிலும் விழுகிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 1,016 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அதைப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவில் சுருக்கியது. தலைமுறை தலைமுறையாய் மலைமாடு மேய்த்தவன் ஒரே உத்தரவில் குற்றவாளியா?

இல்லை, தோழர்களே. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இருக்கிறது. காட்டை நம்பி வாழ்கிற பழங்குடிகளுக்கும், மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்த மற்றவர்களுக்கும் மேய்ச்சல் உரிமையை அது அங்கீகரிக்கிறது. உரிமைகளை முடிவு செய்யாமல், கிராம சபை மனமுவந்து சம்மதிக்காமல், காப்பகத்திலிருந்து அவர்களை அகற்றக் கூடாது என்கிறது.

ஆகவே நம் வேலை இரண்டு. கிராம சபையில் வன உரிமைக் குழுவைக் கேளுங்கள். மேய்ப்பவர்களின் மனுக்களை எழுதிக் கொடுங்கள். மலையைக் குடைய யார் வந்தாலும், வாரியத்தின் இசைவு எங்கே என்று கேளுங்கள். ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் சேர்ந்து கேட்டால், ஏட்டிலே கிடக்கிற சட்டம் எழுந்து நடக்கும்!