மனச்சோர்வும் சமுதாயமும்: திருவனந்தபுரம் உணர்த்தும் பாடம்

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அளந்தறியப் பல அளவுகோல்கள் உள்ளன. தனிநபர் வருமானம், எழுத்தறிவு, சராசரி ஆயுள், குழந்தை இறப்பு விகிதம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் பலவற்றில் கேரளம் நெடுங்காலமாகவே முன்னணியில் நிற்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு எழுத்தறிவு பெற்றோர் 94 விழுக்காட்டினர். ஆயினும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட புள்ளிவிவரம் மற்றோர் உண்மையைக் காட்டுகிறது. அவ்வாண்டில் இந்திய அளவில் ஒரு லட்சம் மக்களுக்குத் தற்கொலை விகிதம் 12.4 ஆக இருந்தது. கேரளத்தில் அது 28.5 ஆகும்.

தற்கொலைகள் யாவும் மனச்சோர்வு நோயால் நேர்வன அல்ல. கடன், குடும்பப் பூசல், தீராப் பிணி, குடிப்பழக்கம் எனக் காரணங்கள் பலவாகும். ஆனால் இக்காரணங்களே மனச்சோர்வு நோய்க்கும் வித்தாகின்றன. பள்ளியும் மருத்துவமனையும் பெருகிய நாட்டில் மன அமைதி தானாகவே பெருகிவிடுவதில்லை என்பதையே இப்புள்ளிவிவரம் உணர்த்துகிறது. எனவே, மனச்சோர்வை மருத்துவர் மட்டும் கவனிக்க வேண்டிய பொருளாகக் கருதாமல், வளர்ச்சிப் பணியின் ஒரு கூறாகவும் கருதுவது இன்றியமையாததாகிறது.

சோர்வும் நோயும்

துன்பம் நேரும்போது மனம் தளர்வது இயற்கை. அது நோயாகாது. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரமும் ஊக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, உறக்கக் குறைவு, பசியின்மை, அளவு கடந்த அயர்ச்சி, தன்னையே குறைகூறும் எண்ணம், வாழ்வில் வெறுப்பு ஆகியவற்றுள் பல ஒருங்கே தோன்றி, அன்றாடக் கடமைகளையும் தடைப்படுத்துமானால், அதனை மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்கின்றனர். நம் மக்களிடையே இந்நோய் பெரும்பாலும் மனக்குறையாக வெளிப்படுவதில்லை. தலைவலி, உடல்வலி, நெஞ்சுப் படபடப்பு, களைப்பு என உடற்குறையாகவே மருத்துவரிடம் வந்து சேருகிறது. குருதிச் சோகையும் தைராய்டு கோளாறும் இதே அறிகுறிகளைத் தோற்றுவிக்கக்கூடும். ஆதலால் உடற்பரிசோதனையும் தவிர்க்கக்கூடாத ஒன்றாகும்.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோருள் ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்று அது தெரிவித்தது. நோயுற்றோருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்பதும் அதன் முடிவாகும். நோயின் பரவலைக் காட்டிலும் இந்த இடைவெளியே கூடுதலான கவலைக்குரியது.

நோயின் வேர்கள்

இந்நோய்க்குப் பரம்பரைக் கூறு உண்டு. மூளையின் இயக்கத்திற்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரே வகைத் துன்பம் நேர்ந்த இருவருள் ஒருவர் நோயுறுவதும் மற்றவர் மீண்டெழுவதும் ஏன்? ஜார்ஜ் பிரௌன், டிரில் ஹாரிஸ் என்ற ஆய்வாளர்கள் இலண்டன் மாநகரின் கேம்பர்வெல் பகுதியில் வாழ்ந்த பெண்களை ஆராய்ந்து, 1978இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவுக்கு விடை கண்டனர். பேரிழப்பும் நீடித்த இன்னலும் நோய்க்கு முன்னோடியாக இருந்தன. எனினும் இன்னலுற்றோர் அனைவரும் நோயுறவில்லை. மனம் விட்டுப் பேசுவதற்கு நெருங்கிய துணையில்லாமை, வீட்டுக்கு வெளியே வேலையில்லாமை, சிறு குழந்தைகள் மூவரோ அதற்கு மேலோ இருத்தல், பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல் ஆகிய நான்கும் நோய்க்கு இடந்தரும் நிலைமைகள் என்று அவர்கள் கண்டறிந்தனர்.

உளவியல் சார்ந்த காரணங்களும் உள்ளன. "எதற்கும் உதவாதவன்", "இனி எதுவும் மாறாது" என்னும் முடிவுகளை ஆராயாமலே ஏற்கும் மனப்போக்கை அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் எடுத்துக்காட்டினார். இம்முடிவுகள் சரிதானா என்று நோயாளியே சோதித்துப் பார்க்கும்படி பழக்குவது அவர் வகுத்த சிகிச்சை முறையாகும்.

திருவனந்தபுரத்தின் சூழல்

மேற்கூறிய நிலைமைகள் திருவனந்தபுரம் மாவட்டத்தில் எவ்வாறு உருவெடுக்கின்றன என்பதை நோக்குதல் தகும். கணவன் வளைகுடா நாட்டில் உழைக்க, குழந்தைகளையும் முதியோரையும் தனித்துப் பேணும் மனைவி. பிள்ளைகள் அனைவரும் வெளிநாடு சென்றபின் பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோர். அரசுப் பணித் தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் படித்து, வயது வரம்பை எண்ணி அஞ்சும் பட்டதாரி. குடியால் குலைந்த குடும்பம். இவை யாவும் அம்மாவட்டத்திற்குப் புதியன அல்ல.

கடலோரத்தின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் பூந்துறை, விழிஞ்ஞம் ஆகிய ஊர்களிலிருந்தும், அண்டையிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. சிலருடைய உடலும் கிடைக்கவில்லை. இறந்தவருக்குச் செய்யும் கடன்களைச் செய்து முடித்தால் துயரம் ஓரளவு அடங்கும். கரை திரும்பாதவருக்காகக் காத்திருக்கும் துயரத்திற்கோ முடிவில்லை.

அத்தகைய கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு பெண்மணியை எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு உறக்கமில்லை, மீன் விற்கச் செல்லும் ஊக்கமில்லை, உடல் முழுதும் வலி. மருத்துவர் மாத்திரை தருகிறார். மாத்திரை பயனுள்ளதே; முறையாக உட்கொண்டால் சில வாரங்களில் உறக்கமும் பசியும் திரும்பும். ஆனால் வீட்டில் அவரை எதிர்நோக்குவன படகுக் கடனும், குடித்துவிட்டு அடிக்கும் மகனும், பேச்சுத் துணையற்ற மாலைப் பொழுதும் ஆகும். இவை மாறாவிடில் மாத்திரை நிறுத்தப்பட்ட சில மாதங்களிலேயே நோய் திரும்பவும் கூடும். மருத்துவம் தோற்றது என்று அப்போது கூறுவது பொருந்தாது. சிகிச்சை பாதியில் நின்றது என்பதே சரியாகும்.

சொல்லால் தரும் சிகிச்சை

உளவியல் சிகிச்சை என்பது வெறும் ஆறுதல் மொழியன்று. அதற்கு வரையறுத்த முறைகள் உண்டு. கைவிட்ட செயல்களைச் சிறிது சிறிதாக மீண்டும் மேற்கொள்ளச் செய்தல், சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தீர்வு காணப் பழக்குதல், முறிந்த உறவுகளைச் சீர்செய்தல் ஆகியவை அவற்றுள் சில.

இச்சிகிச்சையை அளிக்கப் போதிய வல்லுநர்கள் நம் நாட்டில் இல்லை என்பது உண்மை. அதற்கு வழிகாட்டியாகக் கோவா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளியாயின. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வுற்ற 495 பேர் அவ்வாய்வில் பங்கு கொண்டனர். மனநலத் துறையில் பட்டம் பெறாத உள்ளூர்வாசிகள் பயிற்சி பெற்று, ஒவ்வொருவருக்கும் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் ஆலோசனை வழங்கினர். மூன்று மாதங்களுக்குப் பின், ஆலோசனை பெற்றோருள் 64 விழுக்காட்டினர் நோய் நீங்கியிருந்தனர். ஆலோசனை பெறாத பிரிவில் அவ்வாறு நீங்கியோர் 39 விழுக்காட்டினர். முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருப்பின், எளிய பணியாளரும் இப்பணியைத் திறம்பட ஆற்ற முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

மருத்துவமனையிலிருந்து ஊர்ப்புறத்திற்கு

திருவனந்தபுரம் ஊளம்பாறையிலுள்ள மனநல மையம் 1870இல், திருவிதாங்கூர் அரசர் காலத்தில் தோன்றியது. மனநோயாளிகளைச் சமுதாயத்திலிருந்து விலக்கி உயர்ந்த மதில்களுக்குள் வைப்பதே அக்கால வழக்கம். அம்மதில்கள் எழுப்பிய அச்சம் இன்றும் முற்றிலும் அகலவில்லை. ஊளம்பாறை என்னும் பெயரே கேலிச்சொல்லாக வழங்கியதுண்டு. அந்த அச்சமே மனச்சோர்வுற்றோர் பலரைச் சிகிச்சையிலிருந்து விலக்கி வைக்கிறது.

இந்நிலையை மாற்றும் முயற்சியாக 1982இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் கீழ் மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நடைமுறைக்கு வந்தது; 1999இல் திருவனந்தபுரம் மாவட்டமும் அதில் சேர்ந்தது. மனநலக் குழுவினர் ஊர்ப்புற மருத்துவமனைகளுக்குக் குறித்த நாள்களில் சென்று சிகிச்சை அளிப்பதும், அங்குள்ள மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தருவதும் இத்திட்டத்தின் பணிகள். 2017இல் கேரள அரசு தொடங்கிய 'ஆர்த்ரம்' இயக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப நல மையங்களாக உயர்த்தப்பட்டன. அவற்றில் 'ஆசுவாசம்' என்னும் பெயரில் மனச்சோர்வுக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. செவிலியர் ஒன்பது எளிய வினாக்களைக் கேட்டு நோயை இனங்காண்கிறார். மருத்துவர் அதனை உறுதி செய்து சிகிச்சை தொடங்குகிறார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் செல்லும் அதே இடத்தில் மனத்திற்கும் சிகிச்சை கிடைக்கும்போது, அங்குச் செல்வதில் நாணத்திற்கு இடமில்லை.

மருத்துவத்திற்கு அப்பால்

மேலே குறித்த பெண்மணியின் கடனை மருத்துவர் தீர்க்க இயலாது. மகனின் குடியைச் செவிலியர் தனித்து நிறுத்த இயலாது. இங்குதான் சமுதாய அமைப்புகளின் துணை தேவைப்படுகிறது. 1998இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயற்கூட்டங்கள் கேரளத்தின் ஊர்தோறும் உள்ளன. அண்டை வீட்டுப் பெண்கள் பத்து முதல் இருபது பேர் ஒழுங்காகக் கூடுகின்றனர். சேமிப்பும் சிறுகடனுமே அதன் வெளிப்படையான நோக்கம். ஆனால் பேச்சுத் துணையும், வருவாய்க்கு வழியும் அதனால் கிட்டுகின்றன. பிரௌனும் ஹாரிஸும் குறிப்பிட்ட நான்கு நிலைமைகளுள் இரண்டிற்கு இதனால் மாற்று கிடைக்கிறது எனலாம்.

வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். குடிநோய்க்கும் மருத்துவம் உண்டு. 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அது விதிக்கிறது.

ஆக, வேண்டிய உறுப்புகள் பலவும் உள்ளன. அவற்றை இணைக்கும் நரம்பே இன்னும் வலுப்பெறவில்லை. சுகாதார நிலையத்தில் நோய் இனங்காணப்பட்ட பெண்ணை அயற்கூட்டத்திற்கு அழைத்துச் செல்வது யார்? சிகிச்சைக்கு வராமல் நின்றவரைத் தேடிச் செல்வது யார்? 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் வழியாகக் கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊராட்சிகளின் பொறுப்பில் வந்தன. படுக்கையிலுள்ள நோயாளிகளை வீடு தேடிச் சென்று பேணும் பணியை அவ்வூராட்சிகள் செவிலியர்களைக் கொண்டு சிறப்பாக நடத்தி வருகின்றன. அதே வழியில் மனச்சோர்வுற்றோரையும் தொடர்ந்து கவனிக்க இயலும். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. ஆஷா பணியாளர், செவிலியர், ஊராட்சி உறுப்பினர், அயற்கூட்டத் தலைவி ஆகியோர் மாதம் ஒருமுறை ஒன்றுகூடிப் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது தேவை. அப்பட்டியல் பிறர் கையில் சிக்காமல் காக்கப்படுவதும் அதே அளவு தேவை. ஊர் வாய்க்கு இரையாகும் என்று அஞ்சுபவர் உதவி கேட்க முன்வரமாட்டார்.

ஆண்களையும் மறத்தல் ஆகாது. தற்கொலையால் இறப்போருள் ஆண்களே மிகுதி. சுகாதார நிலையத்தின் பகல் நேரமும் பெண்களின் கூட்டமைப்பும் அவர்களைச் சென்றடைவதில்லை. மீன்பிடித் துறைமுகம், தொழிற்சங்கம், நூலகம் ஆகிய இடங்களுக்குச் சேவை செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையின் 14416 என்னும் எண்ணும், கேரளத்தின் 'திஷா' சேவையின் 1056 என்னும் எண்ணும் அத்தகைய இடங்களில் எழுதி வைக்கப்படுதல் நன்று.

இன்று படிக்கும் மாணவர் நாளை வட்டார அலுவலராகவோ, மருத்துவராகவோ, ஆசிரியராகவோ பொறுப்பேற்பார். கடன் தவணைக்கு நேரம் கேட்டு நிற்பவரையும், ஓய்வூதிய மனுவோடு மூன்றாம் முறை வந்து நிற்கும் முதியவரையும் அவர் சந்திப்பார். அம்மனுவைக் காலத்தில் தீர்த்து வைப்பதும் மனச்சோர்வுக்குச் செய்யும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை உணர்ந்தால், மதிலுக்குள் தொடங்கிய மனநலப் பணி ஊரின் பணியாக உயர்வு பெறும்.