கடல் கடந்த கலியாணமும் கையில் வேண்டிய காகிதங்களும்

(பங்கின் பொன்விழாவையொட்டிக் கூடிய குடும்பங்களின் கூட்டத்தில், குடும்ப நலக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டத்தில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டும் என்றுதான் எங்கள் குழு முடிவு செய்தது. முன்பெல்லாம் நம் ஊர்ப் பெண்ணுக்குப் பக்கத்து ஊர் மாப்பிள்ளை. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால் இரண்டு ஊருக்கும் விஷயம் தெரிந்துவிடும். தடை ஏதும் இருந்தால் யாராவது ஒரு பாட்டியம்மாள் பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுவார். இன்றோ பெண் ஒரு தேசத்தில், பையன் ஒரு தேசத்தில், கலியாணம் மூன்றாவது தேசத்தில். அந்தப் பாட்டியம்மாள் செய்த வேலையை இப்போது காகிதங்கள்தாம் செய்ய வேண்டியிருக்கிறது.

எல்லா நாட்டுச் சட்டங்களையும் விரித்துரைக்க நேரமில்லை. ஆகவே இத்தாலியை எடுத்துக்கொண்டோம். பிற நாட்டு ஜோடிகள் பலர் கலியாணத்துக்காகத் தேடிப் போகும் தேசம் அது. நம்மவர்க்கும் ரோமாபுரி என்றால் தனி ஆசை. அதோடு, அங்கே கோயிலில் நடக்கும் கலியாணத்துக்கே அரசாங்கத்தின் அங்கீகாரமும் கிடைக்க வழியிருக்கிறது. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் திருப்பீடமும் இத்தாலிய அரசும் செய்துகொண்ட லாத்தரன் உடன்படிக்கையால் வந்த வழி அது. 1984-இல் அந்த உடன்படிக்கையைத் திருத்தியபோதும் இதைக் காப்பாற்றி வைத்தார்கள்.

அது நடக்கிற விதத்தைச் சொல்கிறோம். திருமணத் திருச்சடங்கு முடிந்தவுடன் குருவானவர் இத்தாலிய சிவில் சட்டத்தின் 143, 144, 147-ஆம் பிரிவுகளை மணமக்களுக்கு வாசிக்கிறார். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமை, குடும்பத்தைச் சேர்ந்து நடத்துவது, பிள்ளைகளை வளர்ப்பது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. நம் ஊரிலும் வாசித்தால் நல்லதுதான்! பிறகு திருமணப் பத்திரத்தை இரண்டு மூலப் பிரதிகளாக எழுதிக் கையொப்பம் வாங்கி, ஒன்றை ஐந்து நாட்களுக்குள் நகராட்சிப் பதிவாளருக்கு அனுப்புகிறார். அவர் அதைத் தம் பதிவேட்டில் ஏற்றினால்தான் அரசாங்கத்தின் கண்ணுக்கு அது கலியாணம். ஏற்றாவிட்டால், திருச்சபையில் கணவன் மனைவி; விசா அதிகாரி முன்னால் இருவரும் அந்நியர். வேலை செய்யும் நாட்டுக்கு மனைவியையோ கணவனையோ அழைத்துக்கொள்ள முடியாமல் மாதக்கணக்கில் பிரிந்திருக்க நேரிடுவது இந்த ஓர் இடத்தில்தான். படம் எடுப்பதிலும் விருந்திலும் ஓடிப்போகும் அந்த ஐந்து நாட்களில், பத்திரம் போய்ச் சேர்ந்ததா என்று யாராவது ஒருவர் விசாரித்தே ஆக வேண்டும்.

இந்தப் பதிவுக்கு முன்னதாக வேண்டிய காகிதத்தை அங்கே ‘நுல்லா ஓஸ்தா’ என்கிறார்கள். ‘தடையேதும் இல்லை’ என்று பொருள். இத்தாலிய சிவில் சட்டத்தின் 116-ஆம் பிரிவின்படி, மணம் முடிக்க வரும் வெளிநாட்டவர் தம் நாட்டுச் சட்டப்படி தமக்குத் தடையில்லை என்று தம் நாட்டு அதிகாரியிடமிருந்து எழுதி வாங்கி வர வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு ரோமிலுள்ள நம் தூதரகமோ மிலானிலுள்ள துணைத் தூதரகமோ தருகிறது. வாங்கிய கையோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. தூதரகக் கையெழுத்தை ‘பிரெபெத்தூரா’ என்ற மாவட்ட அலுவலகத்தில் காட்டி, முத்திரைத் தாள் ஒட்டி, உறுதிப்படுத்த வேண்டும்.

இனித் திருச்சபைக் காகிதங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். “ஞானஸ்நானம் பழையதாகிவிடுமா?” என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். ஞானஸ்நானம் பழையதாகாது, சான்றிதழ் பழையதாகும். ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குப் போய், அங்குள்ள பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். 1907-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் காலத்து ஆணை இதை எங்கும் கட்டாயமாக்கியது. இன்றைய திருச்சபைச் சட்டத்திலும் உண்டு. ஓரிடத்தில் மனைவியை வைத்துக்கொண்டு வேறு தேசத்தில் மாலை மாற்றப் பார்ப்பவனை அகப்படுத்துவது இந்தப் பக்கவாட்டுக் குறிப்புத்தான். பெண்ணைப் பெற்றவர்கள் இதைத் தொந்தரவு என்று சொல்லலாகாது.

பிள்ளை இப்போது குடியிருக்கும் பங்கின் குருவானவரே விசாரணையை நடத்தி ஓலையும் வாசிக்கச் செய்வார். அவர் எழுதிய காகிதங்கள் அவருடைய ஆயரகத்தின் முத்திரையோடு, கலியாணம் நடக்கும் மறைமாவட்டத்தின் ஆயரகத்துக்குப் போக வேண்டும். ஒரு குருவானவர் இன்னொரு குருவானவருக்கு எழுதும் கடிதம் மட்டும் போதாது. மணமகன் அல்லது மணமகள் வேற்றுச் சமயத்தவராயின் ஆயரின் விதிவிலக்கும் வேண்டும். ஏரிக்கரையிலும் ஓட்டல் தோட்டத்திலும் நடத்தித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். கத்தோலிக்கர் இருவர் மணம் முடிப்பது கோயிலில்தான். வேறிடம் என்றால் ஆயரின் அனுமதி தேவை.

எங்கள் அனுபவத்தில் விசாவை விடப் பெரிய தொல்லை, பெயர். பதிவேட்டில் ஞானப்பிரகாசம், பள்ளிக்கூடத்தில் பிரகாஷ், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகி முன்னும் பின்னும் மாறி நிற்கும். ‘எஸ்.’ என்ற தலையெழுத்து சவரிமுத்துவா சூசையா என்று அயல்நாட்டு எழுத்தருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு இது மூன்று ஆட்கள். கலியாணத்துக்குப் பத்து நாள் முன்பு உபதேசியாரிடம் வந்து, “ஏட்டில் கொஞ்சம் மாற்றி எழுதிக் கொடுங்கள்” என்று கெஞ்சுவதில் பயனில்லை. ஏட்டில் திருத்த ஆயரகத்தின் உத்தரவு வேண்டும். முன்கூட்டியே சொன்னால், மூன்று பெயரும் ஒரே ஆளைக் குறிப்பன என்று நோட்டரி முன் அபிடவிட்டு எழுதி, சான்றிதழோடு சேர்த்து அனுப்ப நாங்கள் உதவ முடியும்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இத்தாலிக்குப் போகும் குறுகிய கால ஷெங்கன் விசா, எந்த 180 நாட்களிலும் 90 நாள் தங்கத்தான் அனுமதி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குள் நெருக்கிப் போகக் கூடாது. 30,000 ஈரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். உறவினர் வருவதாக இருந்தால் அவரவர்க்குத் தனித்தனி விண்ணப்பம். போகிற காரியம் கலியாணம் என்று உள்ளதை எழுதுங்கள். அங்கே தாலி கட்டிவிட்டதாலேயே அங்கே தங்கும் உரிமை வந்துவிடாது. பெண் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை அங்கே குடியேற ஜெர்மானிய விசாவுக்குத் தனியாக மனுச் செய்தாக வேண்டும். அதற்குக் கோயில் சான்றிதழை மட்டும் நீட்டினால் நடக்காது. இத்தாலிய நகராட்சி தரும் பதிவுச் சாறு வேண்டும். பல மொழிகளில் அச்சிட்ட சாறும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். இந்தியாவில் காட்டுவதற்கு அதன்மேல் ‘அப்போஸ்தில்’ என்ற முத்திரை தேவை. 2005 முதல் நம் நாடும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்திருக்கிறது. அப்போஸ்தலர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

பிற நாடுகளில் வேறு கணக்கு. அமெரிக்காவுக்கு வருங்கால மனைவியாக விசா பெற்றுப் போகும் பெண்ணுக்கு, போய் இறங்கிய 90 நாளுக்குள் மனுப்போட்டவரோடேயே கலியாணம் நடக்க வேண்டும். இங்கிலாந்தில் கலியாணத்துக்கு மட்டும் வருபவருக்கென்றே ஆறு மாத விசா உண்டு. முடிந்ததும் திரும்பிவிட வேண்டும்.

சிலர், இந்தியத் தூதரகத்திலேயே முடித்துக்கொள்ளலாமே என்கிறார்கள். 1969-ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஒருவர் அந்த ஊரில் முப்பது நாளாவது தங்கியிருந்து அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆட்சேபனைக்கு மேலும் முப்பது நாள். ஒரு மாத விடுப்பில் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. அரசாங்கத்துக்கு அது முழுக் கலியாணம்; ஆனால் கத்தோலிக்கர், குருவானவர் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் சம்மதம் சொன்ன பிறகே தேவதிரவிய அனுமானமாகும். இரண்டையும் முடிக்கும்வரை குடித்தனம் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் யோசனை.

பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருப்பவர்கள், வரன் பார்க்கத் தொடங்கும்போதே ஞானஸ்நானம் நடந்த ஆண்டு, கோயில், பெற்றோர் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். பழைய ஏடுகளில் சில பக்கங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. தேடி எடுக்க நாளாகும்.