விண்ணிலிருந்து வீட்டு மாடிக்கு

இரவு வேளையில் வானொலிப் பெட்டியின் குமிழை மெல்லத் திருப்பித் திருச்சியையோ இலங்கையையோ தேடிப் பிடித்த பழக்கம் நம்மில் பலருடைய குடும்பங்களுக்கு உண்டு. இரைச்சலுக்கிடையே ஒரு தமிழ்ச் சொல் காதில் விழுந்தால் ஊரே வீட்டுக்குள் வந்துவிட்டதாக மகிழ்ந்தோம். அப்பழக்கத்துக்கு இந்நாளில் ஒரு தம்பி பிறந்திருக்கிறான். செயற்கைக் கோள்கள் அனுப்பும் வானொலி அலைகளை வீட்டு மாடியிலேயே வாங்கி, அவற்றில் அடங்கிய செய்தியைப் பிரித்தறியும் பொழுதுபோக்கே அது.

நாம் வாழும் திருவனந்தபுரத்துக்கு இதில் ஒரு தனி உறவு உண்டு. நகரை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் ஆராய்ச்சி ராக்கெட் ஒன்று விண்ணை நோக்கி எழுந்தது. இந்திய விண்வெளி முயற்சியின் தொடக்கம் அதுவே. அங்கு முதலில் பணியேற்ற பொறியாளர்களுள் அப்துல் கலாமும் ஆராவமுதனும் சென்னைக் குரோம்பேட்டையில் பயின்றவர்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 21-ஆம் நாள், அமெரிக்கா 'டைரோஸ்-8' என்னும் வானிலைக் கோளை ஏவியது. மேகங்களைப் படமெடுத்து, எடுத்தவுடனேயே கீழே உள்ளோர்க்கு அனுப்பும் முறை அக்கோளில்தான் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. எளிய கருவி வைத்திருப்பவர் எவராயினும், தம் தலைக்கு மேலுள்ள மேகத்தின் படத்தைத் தாமே பெறலாம் என்ற நிலை அன்று பிறந்தது.

இதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சிலவே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு உலோகக் கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் விரித்துக் கிடையாகப் பொருத்தினால் ஆன்டெனா ஆயிற்று. தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று செய்யப்பட்டு, பிறகு வேறு அலைகளையும் வாங்க வல்லது எனக் கண்டறியப்பட்ட விரலளவான செருகு கருவி ஒன்றும், ஒரு கணிப்பொறியும் உடன் வேண்டும். கோள் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்திலிருந்து துருவத்துக்குப் பறக்கிறது. அடிவானத்தில் எழுந்து மறைவதற்குள் நமக்குக் கிடைப்பது சுமார் கால் மணி நேரமே. அது நெருங்கும்போது அலையெண் சற்று ஏறியும், விலகும்போது இறங்கியும் காணும். ரயில் வண்டியின் ஊதல் நம்மைக் கடக்கையில் மாறுவது போன்றதே இது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதன் அடுத்த கட்டம் அந்நியமாகத் தோன்றுவதில்லை. அமெரிக்காவின் 'நோவா' கோள்களின் ஒலி, காதுக்குச் சுவர்க் கடிகாரத்தின் ஓசை போன்றே இருந்தது. நொடிக்கு இரண்டு வரிகளாக வந்த அவ்வொலியில், உரத்த இடம் வெண்மேகம், தணிந்த இடம் கருங்கடல். வரிக்குக் கீழ் வரியாக அடுக்கினால் குமரி முனையும் இலங்கைத் தீவும் திரையில் உருப்பெறும். இலக்கணம் அறிந்தவனுக்கே மொழி பொருள் தருவது போல, முறை அறிந்தவனுக்கே அவ்வோசை படமாயிற்று.

அந்த ஓசை இப்போது இல்லை. 1998, 2005, 2009 ஆகிய ஆண்டுகளில் ஏவப்பட்ட மூன்று நோவா கோள்களும் 2025-ஆம் ஆண்டு ஜூன், ஆகஸ்டு மாதங்களில் ஓய்வு பெற்றன. எனினும் ஆர்வலர்கள் கம்பியைக் கழற்றி வைத்துவிடவில்லை. 2023, 2024-ஆம் ஆண்டுகளில் ருஷ்யா ஏவிய 'மெட்டியோர்' கோள்கள் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் கொண்டவை. ஆனால் அவற்றின் மொழி வேறு. எண்களாகக் கோக்கப்பட்ட செய்தி அது. பழைய ஆன்டெனாவே போதும். இலக்கணத்தை மட்டும் புதிதாகக் கற்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் ஒரு கூடுதல் இடையூறும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இப்பக்கமாகச் செல்வதனாலேயே ராக்கெட் தளத்துக்குத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே காரணத்தால், சூரியன் மறைந்த பின் மேல்வளிமண்டலத்தின் மின் அடுக்கு சில நாட்களில் கொந்தளிக்கும். அப்போது விண்மீன் மினுக்குவது போலக் கோளின் அலையும் மினுங்கித் தேயும். ஆராய்ச்சியாளர் பெரிய நிலையங்களில் அளப்பதை நாம் மாடியில் நின்றே உணர முடிகிறது.

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று நேயர்கள் கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் உருவானபோது, வானில் கோள்கள் இருந்தன. கரையில் எச்சரிக்கையும் வெளியிடப்பட்டது. ஆயினும் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட குமரி, திருவனந்தபுரம் மாவட்ட மீனவர் பலரை அது எட்டவில்லை. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைபேசி ஊமையாகிவிடுகிறது. எத்தனையோ வீடுகள் தம் ஆண்மக்களை இழந்தன. செய்தி வானில் இருப்பது மட்டும் போதாது, அதை வாங்கும் செவியும் படகில் இருக்க வேண்டும் என்பதை நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில், செயற்கைக் கோள் வழியே வரும் எச்சரிக்கையை நடுக்கடலிலும் வாங்கித் தரும் 'ஜெமினி' என்னும் சிறு கருவியை மத்திய அரசு அறிமுகம் செய்தது.

நம் மாடியில் கிடைக்கும் மேகப் படம் வானிலைத் துறையின் அறிவிப்புக்கு ஈடாகாது. அதைக் கொண்டு புயலைக் கணிக்க முற்படுவதும் முறையன்று. ஆனால் வாங்கும் கலையைக் கைப்பழக்கமாக அறிந்தவர் ஒரு தெருவில் நால்வர் இருந்தால், அத்தகைய கருவி எதற்கு, எப்படி இயங்குகிறது என்பதை மற்றவர்க்கு அவர்களே விளக்குவர். நாமே அலையை அனுப்ப விரும்பினால் அதற்கு அரசின் தேர்வும் உரிமமும் தேவை என்பதையும் இளைஞர்க்குச் சொல்லி வைக்க வேண்டும்.

டெல்லியிலோ பம்பாயிலோ நாகபுரியிலோ நேயர்கள் எங்கிருந்தாலும், அக்கோள்கள் உங்கள் வீட்டின் மேலாகவும் செல்கின்றன. அவற்றுக்கு மாநில எல்லை இல்லை. பள்ளி செல்லும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், வரும் விடுமுறையில் இரண்டு கம்பிகளை வாங்கிக் கொடுங்கள்.