முதலில் இருக்கை, பிறகு குழல்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல் எங்கள் கடையநல்லூர் வரையில் எட்டிப் பார்க்கும்போது, வீட்டுக் கதவுகள் நிலையோடு இறுகிக்கொள்வது வழக்கம். சித்திரையில் ஒரு விரலால் சாத்திய கதவை ஆடியில் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உண்டு பருக்கிறது. இழையின் நீளவாக்கில் அது ஏறத்தாழ மாறுவதில்லை; குறுக்குவாக்கிலேதான் பருக்கிறது. கதவில் இது சிறு தொல்லை. துப்பாக்கியிலோ, ஒரு மாணவனுடைய நற்பெயரையே இது கெடுத்துவிடும். அதை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

1948-இல் தோற்றுவிக்கப்பட்ட தேசிய மாணவர் படையில், ஆசிரியப் பணியோடு பயிற்சி அதிகாரியாகவும் சில ஆண்டுகள் இருந்தேன். 1990-களில் ஒரு சாரல் பருவத்தில், குறி பார்த்துச் சுடும் அணிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். கோடையில் ஐந்து குண்டுகளையும் ஒரு ரூபாய் நாணயத்துள் அடக்கிய பையன், அன்று இலக்கெங்கும் சிதறடித்தான். “விசையை வெடுக்கென்று இழுக்கிறாய், கவனமே இல்லை” என்று கடிந்து, அணியிலிருந்து நீக்கிவிட்டேன். அவன் ஒரு சொல்லும் மறுத்துரைக்கவில்லை. அந்த மௌனம் என்னை உறுத்தியது. அடுத்த வாரம் அதே துப்பாக்கியை மணல் மூட்டையின்மேல் வைத்து நானே சுட்டுப் பார்த்தேன். எனக்கும் அவ்வாறே சிதறின. ஆயுதப் பராமரிப்பாளர் அதைக் கழற்றிக் காட்டினார். மரக்கட்டை பருத்துக் குழலை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. இரும்பையும் மரத்தையும் பிணைக்கும் திருகாணியும் தளர்ந்திருந்தது. பையனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். ஆனால் போட்டிக்குரிய பெயர்ப் பட்டியல் அதற்குள் போய்விட்டது. அவனுக்கு அந்த ஆண்டு திரும்பி வரவில்லை.

சென்ற ஆண்டு வேறொரு பழைய மாணவர் என்னைக் காண வந்தார். உரிமம் பெற்று, பெருந்துளைத் துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொள்பவர். “ஐயா, என் துப்பாக்கி முன்போல் ஒரே இடத்தில் சுடுவதில்லை. குழல் தேய்ந்திருக்கலாம், இரண்டு ஆண்டுகளில் புதுக் குழல் போட நினைக்கிறேன். அதற்கு முன் இருக்கை அமைத்தால் அந்தச் செலவு வீண்தானே?” என்று கேட்டார்.

இருக்கை அமைத்தல் என்பது யாது? தோட்டாவை ஏற்றி, வெடிக்கச் செய்து, வெற்றுறையை வெளியேற்றும் நடுப்பகுதியை ஆக்ஷன் என்பார்கள். நான் இயக்கப் பகுதி என்று சொல்லுகிறேன். குழல் இதன் முன்புறம் திருகப்பட்டிருக்கும். இந்த இயக்கப் பகுதி மரக்கட்டையில் அசையாமலும் முறுக்குண்ணாமலும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமரும்படி பள்ளத்தைச் சரிசெய்வதே இருக்கை அமைத்தல், அதாவது பெட்டிங்.

இதன் நுட்பத்தை ஒரு பள்ளிக் கணக்கால் விளக்கலாம். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அப்போட்டியின் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஆரம் 5.2 மில்லிமீட்டர். குழலின் நீளம் 65 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 50 மீட்டர் தொலைவு குழலைப் போல் 77 மடங்கு. ஆகவே, குழலின் முனை 0.07 மில்லிமீட்டர், அதாவது தலைமயிர் அளவு, திசை திரும்பினாலே நடுவில் பட வேண்டிய குண்டு அந்த வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். ஆடி மாதத்து மரத்துக்குத் தலைமயிர் அளவு ஒரு பொருட்டா?

ஆகவே மாணவரிடம், “தம்பி, குழலின்மேல் குற்றம் சாட்டுமுன் இருக்கையைச் சரிசெய்யுங்கள். வெப்பமான வாயு குழலின் தொடக்கத்தை அரிப்பது உண்மைதான். ஆயினும் இருக்கை தளர்ந்த துப்பாக்கியில் குழல் நல்லதா கெட்டதா என்று யாரால் சொல்ல முடியும்?” என்றேன்.

செலவு வீணாகாமல் இருப்பதற்கும் வழி உண்டு. இயக்கப் பகுதிக்கு மட்டும் இருக்கை அமைக்க வேண்டும். குழலுக்கு அடியில் பசை போடலாகாது. உலோகப் பொடி கலந்த எப்பாக்ஸிப் பசையைப் பள்ளத்தில் இட்டு, ஒட்டாதிருக்க இரும்பின்மேல் மெழுகு பூசி, திருகாணித் துளைகளைக் களிமண்ணால் அடைத்து அமர்த்துவார்கள். திருகாணிகள் மரத்தை நசுக்காதிருக்க உலோகக் குழாய்த் துண்டுகளைப் பதிப்பார்கள். வெடிப்பின் உதையை மரத்துக்குக் கடத்தும் உதைதாங்கியின் பின்முகம் இறுக அமர வேண்டும். முன்னும் பக்கங்களிலும் அடியிலும் மெல்லிய இடைவெளி வேண்டும். குழலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தாள் தடையின்றி ஓட வேண்டும். இவ்வாறு செய்தால் நாளை குழல் மாறினாலும் இருக்கை மாறாது. புதுக் குழல் பருமனாயின், மரத்தின் வாய்க்காலை மட்டும் அகலப்படுத்தினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். மாசர் வகைத் துப்பாக்கிகளில் உதைதாங்கி இயக்கப் பகுதியோடு ஒன்றாகவே இருக்கும். வேறு சிலவற்றில் குழலுக்கும் இயக்கப் பகுதிக்கும் இடையே தனி வளையமாகச் செருகப்பட்டிருக்கும். பின்னதில், குழல் மாற்றும்போது அதே வளையத்தை அதே நிலையில் பூட்டாவிட்டால் அதன் பள்ளத்தை மீண்டும் அமைக்க நேரும். அடுத்தது, பழைய லீ-என்பீல்டு போன்றவற்றில் முன்கட்டை குழலின் நுனியைத் தாங்குமாறே வடிவமைத்தனர். அதன் உதையைத் தாங்கும் மரம் பிளந்துவிடாதிருக்க, இஷாப்பூர் தொழிற்சாலையில் குறுக்கே ஒரு திருகாணி கூடுதலாகச் சேர்த்தனர். எல்லாவற்றுக்கும் ஒரே முறை பொருந்தாது.

இவற்றை வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்கவும் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற கைவினைஞரிடமே இவ்வேலையை ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் ஊர் நெசவாளர்கள் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள். நூலுக்கு ஏற்பப் பண்ணையை மாற்றுவார்கள். அதற்காகத் தறிக்கால்களைப் பிடுங்கி நடுவதில்லை. நாளை பண்ணை மாறப்போகிறது என்று இன்று தறிக்காலை ஆடவிடுவதுமில்லை.

மாணவர் அவ்வாறே செய்தார். சிதறல் பெரிதும் குறைந்தது. குழல் இன்னும் சில காலம் உழைக்கும் என்று கைவினைஞர் சொன்னாராம். அவர் மகிழ்ச்சியோடு அதைத் தெரிவித்தபோது, பல்லாண்டுகளுக்கு முன் மறுத்துரைக்காமல் நின்ற அந்தப் பையனின் முகமே என் நினைவுக்கு வந்தது. அன்று நான் மணல் மூட்டையை முதலில் நாடியிருக்க வேண்டும்; தீர்ப்பைப் பிறகு சொல்லியிருக்க வேண்டும்.